அந்தக் கோவம் மீன்காரம்மா மேல வந்த கோவமே இல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டவுன் பஸ்ல சீட்டுக்காக ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டதைப் பாத்துட்டு ஒரு வாசகர் எழுதின கடிதம் போன வாரம் உங்க பேப்பர்ல வந்திருந்துச்சு. இந்தக் காலத்து ஜனங்களுக்கு பொறுமையே போச்சுன்னு வருத்தப்பட்டிருந்தார், அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆனா கடைசியில "எல்லாரும் அடக்கிக்கக் கத்துக்கணும்"னு முடிச்சிருந்தார் பாருங்க, அது மட்டும் எனக்கு மனசுல ஒட்டல. அடக்கறதுன்னா எங்க அடக்கறது, யார்கிட்ட அடக்கறது, அடக்கினது அப்புறம் எங்க போகுதுன்னு யாருமே பேச மாட்டேங்கறாங்க. எனக்கு இதுல அனுபவம் இருக்கு, ரெண்டு பக்கத்துலயும் இருக்கு, அதான் எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், மன்னிக்கணும்.

நான் சென்னையில ஒரு ஆஸ்பத்திரியில பில்லிங் கவுண்டர்ல பதினாறு வருஷமா உக்காந்திருக்கேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ராத்திரி பூரா தூங்காத ஜனங்க. டிஸ்சார்ஜ்னு டாக்டர் காலையில ரவுண்ட்ஸ்ல சொல்லிட்டுப் போயிடுவார், அதுக்கப்புறம் சம்மரி டைப் ஆகணும், பார்மசி ரிட்டர்ன் போகணும், வார்டுல இருந்து பைல் கீழ வரணும், இன்சூரன்ஸ் கேஸா இருந்தா பைனல் அப்ரூவல் வரணும். இதெல்லாம் உள்ள இருக்கற எங்களுக்குத் தெரியும், வெளிய நிக்கறவருக்கு என்ன தெரியும், "ஆச்சு சார், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க"ங்கற ஒரே பதில்தான் தெரியும். டிஸ்சார்ஜ் கேட்ட மூணு மணி நேரத்துக்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனி பைனல் அப்ரூவல் குடுத்தாகணும், அதுக்கு மேல லேட்டாகி ஆஸ்பத்திரி எக்ஸ்ட்ரா சார்ஜ் போட்டா அதையும் கம்பெனிதான் கட்டணும்னு 2024 மே மாசம் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கற ஐஆர்டிஏஐ சர்க்குலரே போட்டிருக்கு. இதை நானா எடுத்துச் சொல்ற வரைக்கும் பாதி பேருக்குத் தெரியறதில்ல. கத்தறவங்க எல்லாரும் கெட்டவங்க இல்லைங்க, அவங்களுக்கு என்ன நடக்குதுன்னு யாரும் சொல்லல, அவ்வளவுதான்.

சரி, அந்த நாளுக்கு வரேன். ரெண்டு வருஷம் இருக்கும். ஒருத்தர் காலையில பத்து மணியில இருந்து காத்துட்டிருந்தார், நாலரை ஆகியும் அப்ரூவல் வரல. பைலை கண்ணாடி மேல விட்டெறிஞ்சுட்டு "உன்னை மாதிரி ஆளையெல்லாம் எவன்டி வேலைக்கு வச்சான்"னு கேட்டார். ஹால்ல அறுபது எழுபது பேர் இருந்திருப்பாங்க, அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. பக்கத்துல நின்ன எங்க மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா, "சாரி சொல்லுங்க மேடம், முடிச்சு விடுங்க"ன்னார். சொன்னேன். எனக்கு வேலை வேணும், பையனுக்கு பீஸ் கட்டணும், சொல்லாம என்ன பண்றது. காது ரெண்டும் நெருப்பா எரிஞ்சுது, மவுஸைப் புடிச்சிருந்த கை நடுங்குச்சு. மத்தியானம் கொண்டு போன எலுமிச்சம்பழ சாதம் திறக்காமயே பையில இருந்துச்சு.

சாயங்காலம் ஏழு மணி வாக்குல சேத்துப்பட்டுல எலெக்ட்ரிக் ட்ரெயின்ல லேடீஸ் பெட்டியில ஏறினேன், குரோம்பேட்டை போகணும். மாம்பலத்துல தி.நகர் கூட்டம் மொத்தமா ஏறுச்சு, மூச்சு விட எடமில்ல. சைதாப்பேட்டையில ஒரு மீன்காரம்மா ஏறினாங்க, அறுபது வயசுக்கு மேல இருக்கும். காலி அன்னக்கூடை, அதுக்குள்ள மடிச்ச சாக்கு, ஒரு தராசு, ஒரு பிளாஸ்டிக் மக்கு, வித்து முடிச்சிட்டு வீட்டுக்குப் போறாங்க. வண்டி கிளம்பற குலுக்கல்ல கூடையோட ஈர விளிம்பு என் புடவையில பட்டுது.

அவ்வளவுதான் நடந்துச்சு. அதுக்கு நான் பேசின பேச்சு இருக்கே, இப்ப நெனச்சாலும் உடம்பு கூசுது. "அறிவு இருக்கா உனக்கு, இதைத் தூக்கிட்டு லேடீஸ் பெட்டியில ஏர்ற, கூடைக்காரங்களுக்குன்னு வெண்டர் பெட்டி ஒண்ணு எதுக்கு விட்ருக்கான்"னு பெட்டி பூரா கேக்கற மாதிரி கத்தினேன். எங்கம்மா வயசுக்காரங்களை உனக்குன்னு சொன்னேன். நாலரை மணிக்கு என்னை ஒருத்தர் உன்னைன்னு சொன்னாரே, அதே வார்த்தையை ரெண்டரை மணி நேரம் பத்திரமா சுமந்துட்டு வந்து இங்க எறக்கி வச்சேன். அந்தம்மா ஒரு வார்த்தை பேசல, என்னை நிமிந்துகூட பாக்கல. கதவோரமா அப்படியே கீழ உக்காந்து கூடையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாங்க. அதுல இருந்த தண்ணி அவங்க புடவையில சொட்டு சொட்டா எறங்கறதை கிண்டியில இருந்து பல்லாவரம் வரைக்கும் நான் பாத்துக்கிட்டே வந்தேன், பாக்காம இருக்கவும் முடியல. யாரோ ஒரு பொண்ணு அவங்களுக்கு எடம் விட்டுட்டு என்னை ஒரு பார்வை பாத்துச்சு.

2021 டிசம்பர்ல குளச்சல் பஸ் ஸ்டாண்டுல நடந்தது உங்க வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். மீன் வித்துட்டு வந்த வயசான அம்மாவை நாத்தம் அடிக்குதுன்னு பஸ்ஸுல இருந்து எறக்கி விட்டாங்க, அந்தம்மா பஸ் ஸ்டாண்டுல நின்னு நியாயம் கேட்ட வீடியோ ஊரெல்லாம் போச்சு, முதலமைச்சரே கண்டிச்சார், டிரைவர் கண்டக்டரை சஸ்பெண்ட் பண்ணாங்க. அந்த வீடியோவைப் பாத்து அழுதவ நான். இவனுங்களுக்கெல்லாம் மனசே கிடையாதான்னு வீட்டுல பேசினவ. அதே நான்தான் சைதாப்பேட்டையில அப்படிப் பண்ணேன்.

கோவம் இருக்கற எடத்துலதான் கொணம் இருக்கும்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்க. எங்கப்பாவுக்கும் அப்படித்தான் சொல்லி சொல்லி சமாளிச்சாங்க எங்கம்மா. அந்த மீன்காரம்மாவுக்கு என் கொணம் எங்கங்க தெரிஞ்சிருக்கும்? பைலை எறிஞ்சவர்கிட்ட சாரி, சாரி சொல்ல வச்ச மேனேஜர்கிட்ட "சரி சார்", திருப்பிக் கேக்க மாட்டாங்கன்னு தெரிஞ்ச ஒரு ஆள்கிட்ட மட்டும் கத்தல். என்னால கோவத்தை அடக்க முடியலன்னு நானே சொல்லிக்க முடியாது, ஏன்னா காலையில இருந்து நல்லாவே அடக்கியிருக்கேன். அதை எங்க கொட்டலாம்னு மட்டும் எடம் பாத்துட்டு இருந்திருக்கேன். ரோட்டுல, ரேஷன் கடை கியூவுல, டோல்கேட்டுல எங்க சண்டை நடந்தாலும் இப்ப நான் அதைத்தான் பாக்கறேன், கத்தறவர் யார்கிட்ட கத்தறார்னு. செக்யூரிட்டி, ஓட்டல்ல டேபிள் துடைக்கற பையன், டெலிவரி கொண்டு வர்ற தம்பி, கண்டக்டர், கவுண்டர்ல உக்காந்திருக்கற என்னை மாதிரி பொம்பளை. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கு.

அன்னிக்கு ராத்திரி அக்காவுக்கு போன் போட்டு அந்த பைல் மேட்டரை சொன்னேன். அப்புறம் தங்கச்சிகிட்ட சொன்னேன், அப்புறம் வீட்டுக்காரர்கிட்ட. சொல்ல சொல்ல ஆறும்னுதான் நெனச்சேன், ஆனா ஒவ்வொரு தடவையும் முன்ன விட சூடா சொன்னேன், மூணாவது தடவை பைலை எறிஞ்சவர் சொல்லாத வார்த்தையெல்லாம் சேந்துடுச்சு. கொட்டித் தீத்துட்டா மனசு லேசாயிடும்னு நாம நம்பறோம்ல, அது சரியில்லைன்னு பின்னாடி படிச்சேன். அமெரிக்காவுல ஓஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆளுங்க 154 ஆராய்ச்சிகளை ஒண்ணா சேத்து அலசி 2024ல வெளியிட்டாங்க, கத்தித் தீக்கறதால கோவம் கொறைஞ்சதுக்கு ஆதாரமே இல்லையாம், ஓடிட்டு வந்தாக்கூட கொறையலையாம், மூச்சை நிதானப்படுத்தறது, தியானம், தசையைத் தளர்த்தறது இந்த மாதிரி உடம்போட சூட்டைத் தணிக்கற விஷயங்கள்தான் வேலை செஞ்சுதாம். அதே வருஷம் கொலம்பியா யுனிவர்சிட்டியில 280 பேரை வச்சு இன்னொண்ணு பண்ணாங்க, பழைய கோவத்தை வெறும் எட்டு நிமிஷம் நெனச்சுப் பாக்க வச்சதுக்கே ரத்தக்குழாய் விரியற தன்மை கொறைஞ்சு அது நாப்பது நிமிஷம் வரைக்கும் நீடிச்சுதாம். அந்த நாப்பது நிமிஷம்ங்கறது என் மனசுல நின்னுடுச்சு, ஏன்னா சேத்துப்பட்டுல இருந்து குரோம்பேட்டைக்கு எனக்கு கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் ஆகும். வண்டியில உக்காந்து அன்னிக்கு நடந்ததையே திரும்பத் திரும்ப ஓட்டிட்டு வந்தேன்னா வீடு வர்ற வரைக்கும் என் ரத்தக்குழாய் இறுகியேதான் இருக்கும், அந்த ஆள் நிம்மதியா அவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

இப்ப நான் என்ன பண்றேன்னு சொல்றேன், பெரிய யோகமெல்லாம் ஒண்ணும் இல்ல. கவுண்டர்ல எங்களுக்கு சீனியரா ஒரு அக்கா இருந்தாங்க, ரிடையர் ஆகிட்டாங்க, அவங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் பாதி. யாராவது கத்திட்டு வந்தா அவங்க "கத்தாதீங்க சார்"னு ஒரு நாளும் சொல்ல மாட்டாங்க, அதைச் சொன்னா எண்ணெய் ஊத்தின மாதிரி ஆகிடும். அவர் சொன்னதையே திருப்பி சொல்லுவாங்க, "காலையில பத்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம்னு சொன்னாங்க, இப்ப ரெண்டு ஆச்சு, இன்னும் பைல் கூட வரல, சுகர் பேஷண்ட் வேற சாப்பிடாம இருக்கார், அதானே சார் சொல்றீங்க?" இதைக் கேட்டதும் பத்துல எட்டு பேர் ஒரு மூச்சு விடுவாங்க, "ஆமாம்மா"ன்னு குரல் எறங்கும். அந்தக்கா குரலை வேணும்னே தாழ்த்திப் பேசுவாங்க, அது காதுல விழணும்னா எதிர்ல இருக்கறவர் கத்தறதை நிறுத்தியாகணும். கூட்டத்துக்கு நடுவுல வச்சு பேச மாட்டாங்க, "இப்படி வாங்க சார்"னு ஓரமா கூட்டிட்டுப் போய் உக்கார வச்சு தண்ணி குடுப்பாங்க, நாலு பேர் வேடிக்கை பாக்கும்போது எந்த மனுஷனும் எறங்கி வர மாட்டான், எறங்கினா மானம் போச்சுன்னு தோணும். அப்புறம் மூணே காலுக்கு வந்து சொல்றேன்னு சொன்னா, சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லைன்னாலும் மூணே காலுக்குப் போய் நிப்பாங்க, "இன்னும் வரல சார், போன் பண்ணேன், அடுத்து நாலு மணிக்கு வரேன்"னு. அந்த ஒண்ணுக்காகவே ஜனங்க அவங்களைத் தேடி வந்து கையைப் புடிச்சிட்டுப் போவாங்க.

மீதி பாதி நானா புடிச்சுக்கிட்டது. எனக்கு கோவம் வர்றது முதல்ல காதுல தெரியும், சூடாகும், அப்புறம் தாடை இறுகும். காது சுட்டுதுன்னா அடுத்த அரை நிமிஷம் வாயைத் திறக்கறதில்லைன்னு வச்சிருக்கேன். மூச்சை இழுக்கறதை விட விடறது நீளமா விடுவேன், நாலு எண்ணி இழுத்தா ஏழு எட்டு எண்ணி விடறது, மூச்சை விடும்போதுதான் இதயத்துடிப்பு கொறையும்னு எங்க பிசியோதெரபி பொண்ணு சொல்லிக்குடுத்துச்சு, நாலஞ்சு தடவை பண்ணாலே தோள் எறங்கறது தெரியுது. முக்கியமா "ங்க"வை விடறதில்ல. எவ்வளவு கோவமா இருந்தாலும் "நகருங்க", "சத்தத்தைக் கொறைங்க", "கியூவுல வாங்க". வாயில ங்க இருக்கற வரைக்கும் அடுத்த கெட்ட வார்த்தை வர்றது கஷ்டம், நீங்களே சொல்லிப் பாருங்க. எந்த சண்டையையும் கவனிங்க, நீங்க நீயானதுக்கு அப்புறம்தான் கை சட்டைக் காலருக்குப் போகும்.

வண்டியில ஒருத்தர் போன்ல ரீல்ஸை ஸ்பீக்கர்ல போட்டு பெட்டியையே நாறடிக்கறாங்கன்னு வைங்க, இப்ப நான் பெட்டிக்கே கேக்கற மாதிரி சொல்றதில்ல, பக்கத்துல போய் "தலைவலிம்மா எனக்கு, கொஞ்சம் சத்தம் கொறைக்கறீங்களா"ன்னு அவங்களுக்கு மட்டும் கேக்கற மாதிரி சொல்லுவேன். கொறைச்சுடுவாங்க, பாதிக்கு மேல கொறைச்சுடுவாங்க. கொறைக்கலைன்னா விட்டுட்டு அந்தப் பக்கம் போயிடுவேன், ரொம்ப முடியலைன்னா எறங்கி அடுத்த வண்டி, பழவந்தாங்கல் பிளாட்பாரத்துல பத்து நிமிஷம் காத்து வாங்கிட்டு வந்தா ஒண்ணும் குடி முழுகிடாது. இது தோத்துப் போறது இல்லைங்க. சாப்பாட்டையும் விடறதில்ல இப்ப, எவ்வளவு கூட்டமா இருந்தாலும் கவுண்டர்ல போர்டை வச்சுட்டு பத்து நிமிஷம் சாப்பிட்டு வந்துடறேன். அன்னிக்கு அந்த எலுமிச்சம்பழ சாதத்தை மட்டும் சாப்பிட்டிருந்தா பாதி கத்தல் கொறைஞ்சிருக்கும்னு நெஜமாவே நம்பறேன்.

இதைப் படிச்சுட்டு எல்லாத்தையும் பொறுத்துப் போகச் சொல்றேன்னு யாரும் நெனச்சுடக் கூடாது, குறிப்பா பொண்ணுங்க. கூட்டத்துல கை வைக்கறவன், குடிச்சுட்டு வந்து மேல சாயறவன், பின்னாடியே வர்றவன், இவங்ககிட்ட மூச்சுப் பயிற்சி எல்லாம் வேணாம், சத்தம் போடுங்க, பக்கத்துல இருக்கறவங்களைக் கூப்பிடுங்க, ரயில்ல 139 இருக்கு, எங்க இருந்தாலும் 112 இருக்கு, பெண்களுக்கு 181 இருக்கு. அந்த எடத்துல வர்ற கோவம் நம்மளைக் காப்பாத்தற கோவம். பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு கோவம்னு கேட்டுக் கேட்டே நம்மள அதையும் விட வச்சுட்டாங்க, அதனாலதான் கத்த வேண்டிய எடத்துல கத்தாம மீன்காரம்மாகிட்ட போய் கத்தறோம். அதே மாதிரி ஆஸ்பத்திரியில கை ஓங்கறதையும் யாரும் பொறுத்துக்க வேண்டியதில்ல. 2024 நவம்பர்ல கிண்டி அரசு ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரைக் கத்தியால குத்தினதுக்கு அப்புறம் எங்க ஸ்டாப் ஒவ்வொருத்தருக்கும் வீட்டுல இருந்து போன் வந்துச்சு. ஆஸ்பத்திரி ஆளுங்களைத் தாக்கினா தண்டிக்க தமிழ்நாட்டுல 2008லயே தனிச் சட்டம் வந்தாச்சு, அது இருக்கறது நெறைய பேருக்குத் தெரியாது.

தினம் தினம் இந்த மாதிரி வெடிக்குது, ராத்திரி தூக்கம் வரல, வீட்டுல புள்ளைங்க மேல பாயறோம்னு தோணுச்சுன்னா 14416க்கு போன் பண்ணலாம், டெலிமனஸ்னு சென்ட்ரல் கவர்மென்ட் 2022ல ஆரம்பிச்ச மனநல உதவி லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க. நானும் பண்ணேன், ரெண்டு தடவை. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

அப்புறம் அந்த மீன்காரம்மா. ஒரு பத்து நாள் கழிச்சு சைதாப்பேட்டையில அவங்க நிக்கறதைப் பாத்தேன், என்னைப் பாத்ததும் அடுத்த கதவுக்கு நகந்துட்டாங்க. மறுபடி ஒரு நாள் நானே போய் "அன்னிக்கு தப்பா பேசிட்டேன்மா, மன்னிச்சுக்கங்க"ன்னேன். அவங்க கொஞ்ச நேரம் பேசல. "வெண்டர் பொட்டில ராத்திரியில குடிச்சுட்டு வருவானுங்க, அதான் இதுல ஏர்றேன்"னாங்க. வேற ஒண்ணும் சொல்லல, பரவால்லன்னும் சொல்லல. அவங்க சொல்லணும்னு ஒண்ணும் இல்லையே. வெண்டர் பெட்டி எதுக்கு இருக்குன்னு நான் கேட்டேன்ல, அதுக்கான பதில் அது. அதை அன்னிக்கே "ஏம்மா இதுல ஏறிட்டீங்க"ன்னு கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.

ஆசிரியர் அவர்கள்கிட்ட ரெண்டு விஷயம் கேட்டுக்கறேன். ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ் மாதிரி எடங்கள்ல எவ்வளவு நேரம் ஆகும்னு சொல்றதுக்கு ஒரு ஆள், உக்கார நாலு பெஞ்ச், குடிக்கத் தண்ணி, சுத்தமா ஒரு பாத்ரூம், இது இருந்தாலே சண்டை எவ்வளவோ கொறையும், இதை உங்க பேப்பர்ல தொடர்ந்து எழுதுங்க. இன்னொண்ணு, பொது எடத்துல சண்டை போட்ட வீடியோவுல இருந்து போட்டோ எடுத்துப் போடும்போது தயவுசெஞ்சு முகத்தை மறைச்சுப் போடுங்க. அன்னிக்கு எங்க பெட்டியில யாரும் போனைத் தூக்கல, தூக்கியிருந்தா நான் கத்தின அந்த அரை நிமிஷம்தான் இன்னிக்கு வரைக்கும் என் பையனோட காலேஜ்ல என் பேரா இருந்திருக்கும், அதை விட முக்கியமா, மடியில கூடையை வச்சுட்டு குனிஞ்சு உக்காந்திருந்த அந்தம்மா முகத்தை ஊரே பாத்திருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குரோம்பேட்டை, சென்னை